சிரிக்காத ஒருவன்

(பட்டிமன்றத் தலைப்பு: மனிதனின் மனத்தையும் நடத்தையையும் பெரிதும் உருவாக்குவது பிறவிக் குணமா? சுற்றியிருக்கும் சூழலா? ‘சூழலே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தோழர்களே! எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாலும் என் அன்புக்கு என்றும் உரிய எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே! வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாய் எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பிள்ளைகளே! 

சற்று முன் எதிரணித் தலைவர் பேசி முடித்ததும் இந்த அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்? அவர் சொன்ன கருத்தை ஏற்றுக்கொண்டேனா? இல்லை. பக்கத்தில் இருந்தவர் தட்டினார், நானும் தட்டிட்டேன்! (சிரிப்பு) நடுவர் அவர்களே, எங்கள் கட்சி இதோடு நிரூபணம் ஆகிவிட்டது. தீர்ப்பை இப்பவே சொல்லிட்டீங்கன்னா எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். (சிரிப்பு, கைத்தட்டல்)

நடுவர் கையைக் காட்டுகிறார். “நேரம் இருக்கு, பேசுங்க” என்கிறார். பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு பழமொழியைப் பிடித்துக்கொண்டார். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.’ பிறக்கும்போது வந்த குணம் போகும்போதுதான் போகும் என்றார். ஐயா, தமிழ் வாத்தியார் என்ற முறையில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். பழமொழி ‘கருப்பைப் பழக்கம்’ என்றா சொல்கிறது? ‘தொட்டில் பழக்கம்’ என்றல்லவா சொல்கிறது! தொட்டில் பிள்ளையோடு சேர்ந்தா பிறந்தது? அது அம்மாவின் பழைய சேலை. அதை உத்தரத்தில் கட்டியவர் தாய்மாமன். ஆட்டியவர் பாட்டி. தாலாட்டுப் பாடியவர் அத்தை. தூங்கிய பிள்ளையைக் கிள்ளிவிட்டு ஓடினவன் பக்கத்து வீட்டுப் பையன்! (சிரிப்பு) தொட்டில் என்பதே சூழல்தான் ஐயா. எங்களுக்குச் சாட்சி சொல்ல வந்த பழமொழியை வழியிலேயே மடக்கி அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க!

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தத் தொட்டிலை ஆட்ட ஒரு கை இல்லாமல் போனால் என்ன ஆகும்? உலகம் அதையும் ஒருமுறை பார்த்தது.

ஐரோப்பாவில் ருமேனியா என்று ஒரு நாடு. சௌசெஸ்கு என்ற சர்வாதிகாரி ஆண்டார். நாட்டின் மக்கள்தொகை பெருகவேண்டும் என்று 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார். பிள்ளைகள் பிறந்தார்கள். வளர்க்க வழியில்லாத பெற்றோர் அவர்களை அரசாங்க விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த விடுதிகளில் இருந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு வரிசை வரிசையாகக் கட்டில் இருந்தது. வேளாவேளைக்குப் பால் இருந்தது. கூரை இருந்தது. ஆனால் முக்கியமான ஒன்று இல்லை. அழுதால் ஓடி வந்து தூக்குகிற ஆள் இல்லை. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தை என்ன செய்யும்? அழுவதையே நிறுத்திவிடும். குழந்தைகள் நிறைந்த ஓர் அறை, ஆனால் சத்தமே இல்லை. நினைத்துப் பாருங்கள் தாய்மார்களே!

2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் புக்காரெஸ்ட் நகரத்தில் இப்படிப்பட்ட 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதக் குழந்தை முதல் இரண்டரை வயதுக் குழந்தை வரை. குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. சில ஆண்டுகள் கழித்துச் சோதித்தால், குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் கூடியிருந்தது. ஒருவரிடம் ஒட்டிக்கொள்கிற பாசம் வந்திருந்தது. அதிலும் இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் மிக நன்றாகத் தேறியிருந்தார்கள். யார் குடும்பத்துக்குப் போவது என்று குலுக்கல்தானே முடிவு செய்தது? அப்படியானால் இந்த வித்தியாசம் பிறவியில் வந்ததா? மடியில் வந்தது ஐயா! தாய்மடி கிடைக்காவிட்டாலும், யாரோ ஒரு பெண்ணின் மடியில் வந்தது. (கைத்தட்டல்)

அடுத்து எதிரணிச் சகோதரி பேசினார். “ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே சாம்பாரைச் சாப்பிட்ட இரண்டு பிள்ளைகள். ஒருத்தன் சாது, ஒருத்தன் ரெளடி. சூழல் ஒன்றுதானே, குணம் ஏன் வேறு?” என்று கேட்டார். அருமையான கேள்வி.

ஆனால் அம்மா, அது ஒரே வீடா? மூத்தவன் பிறந்தபோது அப்பாவுக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை, வாடகை வீடு, மாசக் கடைசியில் வீட்டில் சண்டை. இளையவன் பிறந்தபோது அப்பாவுக்குப் பதவி உயர்வு, வாசலில் ஸ்கூட்டர். மூத்தவனுக்கு வாய்த்தது பிள்ளை வளர்க்கத் தெரியாத புது அம்மா. தும்மினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். இளையவனுக்கு வாய்த்தது அனுபவசாலி அம்மா. அவன் சட்டைப் பொத்தானை விழுங்கினால்கூட, “விடுங்க, நாளைக்கு வந்துரும்” என்பாள். (சிரிப்பு) மூத்தவன் காதில் விழுந்ததெல்லாம், “நீ பெரியவன், விட்டுக்கொடு.” இளையவன் காதில் விழுந்ததெல்லாம், “அவன் சின்னப்பிள்ளை, விட்டுடு.” விட்டுக்கொடு, விட்டுடு! இந்த இரண்டு சொல்லையும் பதினைந்து வருஷம் கேட்டு வளர்ந்தால் இரண்டு மனசும் ஒன்றாகவா இருக்கும்? கதவு எண் ஒன்றுதான் சகோதரி. வீடு ஒன்று அல்ல.

மூன்றாவதாகப் பேசிய தம்பி குடிப்பழக்கத்தைப் பற்றிச் சொன்னார். அது ரத்தத்தில் ஊறியது, மாற்ற முடியாது என்றார். குடிக்கு அடிமையாவதில் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் மறுக்கமாட்டேன். ஆனால் ‘மாற்ற முடியாது’ என்றார் பாருங்கள், அங்கேதான் நான் தம்பி கையைப் பிடித்து நிறுத்துகிறேன்.

வியட்நாம் போர் நடந்த காலம். அமெரிக்கப் படைவீரர்கள் அங்கே ஹெராயின் என்ற போதைப்பொருளுக்கு அடிமையாகிறார்கள் என்று 1971இல் செய்தி வந்து, அமெரிக்காவே ஆடிப்போனது. இத்தனை பேரும் ஊர் திரும்பினால் நாடு என்னவாகும் என்று பயந்தார்கள். லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நாடு திரும்பிய வீரர்களில் ஏறக்குறைய 900 பேரைத் தேடிப்பிடித்து அந்த அம்மையாரின் குழு விசாரித்தது. ஐந்தில் ஒருவர், “ஆமாம், அங்கே நான் அடிமையாகத்தான் இருந்தேன்” என்று ஒப்புக்கொண்டார். சரி, ஊருக்கு வந்த பிறகு? அப்படி அடிமையாக இருந்தவர்களில், திரும்பிய முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் 100க்கு 5 பேர்தான்!

அதே ஆள். அதே ரத்தம். அதே நரம்பு. எது மாறியது? அங்கே பக்கத்தில் மரணம்; கைக்கெட்டும் தூரத்தில் மலிவான போதை; சுற்றி அதையே செய்கிற கூட்டாளிகள். இங்கே அம்மா, மனைவி, வேலை, காலையில் எழுந்தால் “எங்கே போயிட்டு வர்றே?” என்று கேட்க ஓர் ஆள். ஊர் மாறியது, பழக்கம் மாறியது. போதையிலிருந்து சிகிச்சை பெற்று வருகிறவனை அதே கூட்டாளிகள் மத்தியில், அதே தெருமுனையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, “பார்த்தியா, திரும்பவும் ஆரம்பிச்சுட்டான், அவன் பிறவியே அப்படி” என்று சொல்கிறோமே, இது நியாயமா?

தமிழில் அழகான ஒரு சொல் உண்டு. ‘பழக்கவழக்கம்.’ பழக்கம் என்பது ஒருவன் செய்து செய்து வருவது. வழக்கம் என்பது ஊர் செய்து செய்து வருவது. இரண்டையும் பிரிக்க முடியாது என்று தெரிந்துதான் நம் முன்னோர் ஒரே சொல்லாகக் கட்டிப்போட்டார்கள்.

வள்ளுவப் பெருந்தகையும் இதை விட்டுவிடவில்லை. 45ஆவது அதிகாரம் ‘பெரியாரைத் துணைக்கோடல்.’ அடுத்த வீடு, 46ஆவது அதிகாரம் ‘சிற்றினம் சேராமை.’ யாரோடு சேரவேண்டும் என்று ஒன்று. யாரோடு சேரக்கூடாது என்று ஒன்று. இந்த இனம் சாதி இல்லை ஐயா, கூடிப் பழகுகிற கூட்டம். இந்த இரண்டு அதிகாரமும் எங்கே இருக்கின்றன? பொருட்பாலில், அரசனுக்குச் சொல்கிற அரசியல் பகுதியில் இருக்கின்றன. படை உண்டு, கோட்டை உண்டு, அதிகாரம் உண்டு. அப்படிப்பட்ட மன்னனுக்கே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக்கொள் என்று பாடம் சொல்லவேண்டியிருக்கிறது என்றால், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற நமக்கு? (கைத்தட்டல்)

பக்கத்தில் இருப்பவன் நம் மனசை மட்டுமா மாற்றுவான்? நம் கண்ணையே பொய்யாக்கிவிடுவான்! சாலமன் ஆஷ் என்று ஓர் உளவியல் பேராசிரியர். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டுக்குச் சமம்? அவ்வளவுதான் கேள்வி. நம்ம ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். தனியாக உட்காரவைத்துக் கேட்டால் நூற்றுக்கு ஒரு தப்புக்கூட வரவில்லை.

பிறகு ஒரு மாணவரை ஏழெட்டுப் பேரோடு உட்காரவைத்தார். அந்த ஏழெட்டுப் பேரும் பேராசிரியரின் ஆட்கள் என்பது மாணவருக்குத் தெரியாது. முதல் ஆள் தப்பான கோட்டைக் காட்டினார். இரண்டாவது ஆளும் அதையே காட்டினார். மூன்றாவது, நான்காவது, எல்லாரும் அதே தப்பு. கடைசியில் நம் ஆளின் முறை. கண் ஒன்று சொல்கிறது; ஊர் ஒன்று சொல்கிறது. வேர்க்கிறது. கண்ணைக் கசக்குகிறார். என்ன செய்தார்? நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது ஊர் சொன்ன தப்பையே தானும் சொல்லிவிட்டார்கள். பின்னால் விசாரித்தபோது, “என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்” என்று சொன்னவர்களும் உண்டு.

எதிரணியினர் சும்மா இருப்பார்களா? “மீதி நாலில் ஒருவர் கடைசி வரை வளையவில்லையே, அது பிறவிக் குணம்தானே?” என்பார்கள். இருக்கலாம். அந்த உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் பேராசிரியர் அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் சரியான விடையைச் சொல்லவைத்தார். அவ்வளவுதான்! ஊரோடு சேர்ந்து தப்புச் சொல்வது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கூட்டம் அப்படியேதான் இருந்தது. கோடும் அப்படியேதான் இருந்தது. உண்மையைச் சொல்கிற ஓர் ஆள் கூட இருந்தார். கோழை என்று நாம் நினைத்தவனுக்கு முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது.

இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற கதையா? உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை எடுத்துப் பாருங்கள். பெரியப்பா ஒரு செய்தி அனுப்புகிறார். பொய்ச் செய்தி. யாரோ ஒரு குடும்பத்தைக் கேவலப்படுத்துகிற செய்தி. நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். உங்களுக்குத் தெரியும், அது பொய். என்ன செய்கிறீர்கள்? “பெரியப்பாகிட்ட யாரு வாயைக் கொடுக்கிறது” என்று நீங்களும் ஒரு கும்பிடு போடுகிறீர்கள். (சிரிப்பு) முன்பெல்லாம் சூழல் என்பது தெருவில் இருந்தது. கதவைச் சாத்தினால் வெளியே நிற்கும். இன்றைக்கு அது சட்டைப் பையில் இருக்கிறது. தலையணைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது.

எதிரணிச் சகோதரி கோபமாக ஒன்று கேட்டார்: “எல்லாவற்றுக்கும் சூழலைக் காரணம் காட்டினால், தப்புச் செய்தவன் தப்பித்துக்கொள்வானே?” அம்மா, இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் எழுந்து வந்தேன். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். மேடையில் சொல்லக் கூச்சமான கதைதான்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால், நான் கல்லூரி வேலையில் சேர்ந்த புதிது. முதலாண்டு வகுப்பு. அறுபது பிள்ளைகள். கிராமத்திலிருந்து வந்த ஒரு பையனை எழுந்து வாசிக்கச் சொன்னேன். பாடத்தில் ‘வாழைப்பழம்’ என்று ஒரு சொல் வந்தது. அவன் “வாளைப்பளம்” என்று வாசித்தான். எனக்கு நகைச்சுவை வேறு நன்றாக வருமே! “ஏம்ப்பா, உங்க ஊர்ல வாளை மீன் மரத்துலயா காய்க்குது?” என்றேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்குப் பெருமை. சேர்ந்த பத்தே நாளில் மாணவர்கள் மத்தியில் பெயர் வாங்கிவிட்டோமே என்று பெருமை!

அன்று இரவே விடுதியில் அவனுக்கு அது பட்டப்பெயர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை. ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவனா? அவன் பிறவியிலேயே மந்தம் சார்” என்று சொன்னேன். நடுவர் அவர்களே, அன்றைக்கு நான் எதிரணியில் இருந்தேன்! அவன் வாயைப் பூட்டியவன் நான். பூட்டிவிட்டு, ‘பிறவி ஊமை’ என்று சான்றிதழும் கொடுத்தவன் நான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து, “வணக்கம் ஐயா” என்றார். அவர்தான். அரசுப் பள்ளியில் தமிழாசிரியர்! எனக்கு அந்தச் சம்பவம் மறந்தே போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. ஆனால் அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது இது:

“அன்னைக்கு வகுப்பே சிரிச்சுதுங்க ஐயா. என் பெஞ்சுல பக்கத்துல இருந்த ஒருத்தன் மட்டும் சிரிக்கலை. ராத்திரி அழுதுக்கிட்டே பெட்டியைக் கட்டிட்டேன். விடியக்காலம் முதல் பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிரலாம்னு. அவன் வந்து பெட்டியைப் பார்த்தான். ஒண்ணும் கேக்கலை. புத்தகத்தை எடுத்து, ‘வா, சேர்ந்து வாசிப்போம்’னான். தினமும் ராத்திரி வாசிச்சோம். அவன் இல்லேன்னா நான் இன்னைக்கு வாத்தியார் இல்லீங்க ஐயா.”

(அரங்கில் அமைதி)

அறுபது பேர் இருந்த வகுப்பு. படித்தவன், பட்டம் பெற்றவன், இலக்கியம் கற்பித்தவன் நான் ஒருவன் அங்கே இருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை கொடுத்த அந்த ஒருத்தன் நான் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குங்க ஐயா” என்று என் பையை வாங்கி, பேருந்தில் ஏற்றிவிட்டுப் போனார். வழி நெடுக எனக்குத் தூக்கம் வரவில்லை.

சகோதரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சூழல்தான் மனிதனை உருவாக்குகிறது என்றால் யாரும் தப்பிக்க முடியாது. பொறுப்பு இரண்டு மடங்காகிறது! ஏனென்றால் சூழல் என்பது மரமும் மட்டையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நான்தான் சூழல். என் மருமகளுக்கு என் மனைவிதான் சூழல். வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்காரனுக்கு முதல் பெஞ்சுக்காரன்தான் சூழல். பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் கையைக் கழுவிவிடலாம்: “அவன் அப்படித்தான்.” சூழல் என்று ஒப்புக்கொண்டால் கேட்டாக வேண்டும்: “நான் அவனுக்கு எப்படி இருந்தேன்?” இதில் எது தப்பிக்கிற வழி, எது தப்பிக்க முடியாத வழி என்று நீங்களே சொல்லுங்கள்! (பலத்த கைத்தட்டல்)

மணி அடித்துவிட்டார்கள். முடிக்கிறேன்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்வார்கள். எல்லாரும் பூவாகிவிட முடியாது. ஆனால் இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது, உங்கள் வீட்டில் யாராவது ஒரு பிள்ளையைப் பார்த்து, “இது எங்கே உருப்படப்போகுது” என்று சொல்வார்கள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். ஐயா, அம்மா, அந்த ஒரு நிமிஷம் நீங்கள் சிரிக்காமல் இருங்கள். அந்தப் பிள்ளையின் கண் அப்போது எல்லார் முகத்தையும் சுற்றி வரும். சிரிக்காத ஒரு முகம் அதற்குப் போதும்.

ஆகவே, மனிதனின் மனத்தையும் நடத்தையையும் பெரிதும் உருவாக்குவது சுற்றியிருக்கும் சூழலே, அந்தச் சூழல் நாமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.